ராட்டைக்கு ஸ்பெசிபிகேஷன் எழுதிய காந்தி



காந்தியடிகளை ரூபாய் நோட்டில் பார்த்திருக்கிறோம், சிலையாகப் பார்த்திருக்கிறோம், அக்டோபர் 2 லீவில் நன்றியோடு நினைத்திருக்கிறோம். ஒரு டிப்ளமோ மாணவனின் கண்ணால் பார்த்திருக்கிறோமா? அவரை இயந்திரத்துக்கே எதிரி என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய பேர். உண்மை வேறு.

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர், லண்டனில் சட்டம் படித்தார். 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். 1915-ல் தாயகம் திரும்பியபோது ராட்டை என்ற ஒன்றை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை!

அகமதாபாத் பக்கத்தில் ஆசிரமம் தொடங்கி, கைத்தறிகளை வாங்கிப் போட்டார். நெய்யத்தான் ஆளில்லை. கருவிகளில் கை தேர்ந்த உறவினர் மகன்லால் காந்தி முதலில் கற்று, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். தறி சொந்தம், ஆனால் நூல் மில்லிலிருந்து வந்தது. மில் கை விரித்தால் தறி நின்றுவிடும். அப்போதுதான் ராட்டை தேடும் வேலை ஆரம்பமானது.

கங்காபென் என்ற பெண்மணி ஊர் ஊராக அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் பல வீடுகளின் பரணில் ராட்டைகள் தூங்குவதைக் கண்டுபிடித்தார். சரி, நூற்கப் பஞ்சுப் பட்டை? அதுவும் முதலில் பம்பாய் மில் ஒன்றிலிருந்துதான் வந்தது. காந்திக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு பஞ்சு அடிப்பவரையே தேடிப் பிடித்தார்கள். பஞ்சு, பட்டை, நூல், துணி என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கிராமத்துக்குத் திரும்பியது. மகன்லால் ஆசிரமத்திலேயே ராட்டையைத் திருத்திச் செய்தார்.

ஆசிரமத்தின் முதல் கதர், கஜம் 17 அணா. அந்தக் காலத்தில் அது பெரிய விலை. ஏழை எப்படி வாங்குவான்? 1921 செப்டம்பர் 22-ல் நம்ம மதுரையில் காந்தி தன் உடையையே முழங்கால் அளவுக்குக் குறைத்துக் கொண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

உடையைக் குறைத்தால் மட்டும் போதாது, உற்பத்தி கூட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். 1925-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் தொடங்கினார். 1929-ல் அந்தச் சங்கம் நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. நிபந்தனைகளைப் பாருங்கள்: எளிதில் தூக்கிச் செல்ல வேண்டும். கையாலோ காலாலோ இயங்க வேண்டும். ஒரு பெண் அதிகக் களைப்பில்லாமல் எட்டு மணி நேரம் வேலை செய்ய முடிய வேண்டும். 12 முதல் 20 நம்பர் நூல் வர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். வருஷ ரிப்பேர் செலவு விலையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

நம்ம மெஷின் டிசைன் வாத்தியார் கேட்கிற கேள்வி எல்லாம் இதில் இருக்கிறதா, இல்லையா? அவர் கேட்காத கேள்வியும் ஒன்று இருக்கிறது: இதை ஓட்டப் போகிற பெண்ணுக்கு உடம்பு வலிக்குமா?

அந்தப் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. எரவாடா சிறையிலும் காந்தி விடவில்லை. இரண்டு சக்கரங்கள் வைத்து, பெட்டியாக மடித்துக் கொண்டு போகிற ராட்டை அங்கே உருவானது. 1948 ஜனவரி 30-ல் அவர் மறைந்தார். அதன் பிறகு, பல கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் ராட்டையைச் செய்து காட்டியவர் தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன். அவர் பெயரை ஒட்டித்தான் அது அம்பர் சர்க்கா ஆனது.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் அசெம்பிளி லைனில் நிற்போம். அங்கே கதர் நூற்கச் சொல்லி யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு பிக்சரோ, ஒரு சின்ன ஜிக்கோ வரையும்போது வேகத்தையும் விலையையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எட்டு மணி நேரம் அதன் முன்னால் நிற்கப் போகிறவரையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஆள் நாமாகவே இருக்கலாம்!