ஐந்து தடவை ஜெயித்த மெம்பர்

ஓர் ஊர் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. இந்த ஆள் வேண்டாம் என்று பாராளுமன்றம் திருப்பி அனுப்பியது. ஊர் மறுபடியும் அவரையே அனுப்பியது. பாராளுமன்றம் மறுபடியும் கதவை அடைத்தது. இந்தப் போராட்டம் ஆறு வருஷம் நடந்தது.

அந்த ஊர், இங்கிலாந்தில் உள்ள நார்தாம்டன். லண்டனிலிருந்து சுமார் 60 மைல் தூரம். அந்த மனிதர், சார்லஸ் பிராட்லா.

நார்தாம்டன் பூட்ஸ் தைக்கும் ஊர். வீட்டுக்கு வீடு தோலும் ஊசியும் சுத்தியலுமாக இருக்கும். பாராளுமன்றத்துக்கு இரண்டு மெம்பர்களை அனுப்பும் உரிமை அந்தத் தொகுதிக்கு இருந்தது.

மூன்று பிரபுக்கள்

தொகுதியின் பழைய கதை வேடிக்கையானது. 1768-ல் நடந்த தேர்தலில் ஹாலிபாக்ஸ் பிரபு, நார்தாம்டன் பிரபு, ஸ்பென்சர் பிரபு ஆகிய மூவரும் ஆளுக்கொரு அபேட்சகரை நிறுத்தினார்கள். ஓட்டர்கள் ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். அவர்களைப் பிடிக்கப் பணம் தண்ணீராக ஓடியது. ஊரே பிரபுக்கள் செலவில் தின்றது, குடித்தது. நார்தாம்டன் பிரபு வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, சுவிட்சர்லாந்து நாட்டுக்குப் போய்க் குடியேறும்படி ஆகிவிட்டது! (ஸ்பென்சர் பிரபு, பிற்காலத்தில் இளவரசி டயானா பிறந்த குடும்பத்தின் முன்னோர்.)

பிறகு ஸ்பென்சர் பெர்சிவல் என்பவர் இதே தொகுதியின் மெம்பராகி, பிரதம மந்திரியும் ஆனார். அவரை 1812-ல் பாராளுமன்றக் கட்டிடத்திலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான்.

அதெல்லாம் பெரிய மனிதர்கள் காலம். 1867-ல் வந்த சட்டம், நகரத்துத் தொழிலாளிகள் பலருக்கு ஓட்டுக் கொடுத்தது. 1872-ல் ரகசிய ஓட்டு வந்தது. பூட்ஸ் தைப்பவன் யாருக்கும் பயப்படாமல் ஓட்டுப் போடலாம் என்று ஆயிற்று.

எடுபிடிப் பையன்

பிராட்லா 1833-ல் லண்டனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வக்கீல் குமாஸ்தா. பையன் 12-வது வயதில் அதே ஆபீசில் எடுபிடி வேலைக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் சிறுவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தான். வேதத்தை ஊன்றிப் படித்தபோது சில சந்தேகங்கள் எழுந்தன. பாதிரியாருக்குக் கடிதம் எழுதிக் கேட்டான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பையன் நாஸ்திகனாகிவிட்டான் என்று தகப்பனாருக்குச் சேதி போயிற்று. மூன்று நாளில் மனம் மாறாவிட்டால் வேலை போய்விடும் என்று எச்சரிக்கையும் வந்தது. பிராட்லா மனம் மாறவில்லை. வீட்டை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு 16 வயது. ஒரு கடிதத்துக்குப் பொறுமையாகப் பதில் கிடைத்திருந்தால் அவர் வாழ்க்கை எப்படிப் போயிருக்குமோ!

கடன் ஏறியது. பட்டாளத்தில் சேர்ந்து அயர்லாந்தில் இருந்தார். பிறகு லண்டனுக்குத் திரும்பி வக்கீல் குமாஸ்தாவானார். பகலில் சட்டம், மாலையில் மேடை. கடவுள் இல்லை என்றார். ராஜா தேவையில்லை என்றார். ஏழைக்கு உரிமை வேண்டும் என்றார். ஆள் நல்ல உயரம், வெண்கலக் குரல்.

1877-ல், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டதற்காக அவர் மேல் வழக்கு வந்தது. அவருடன் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றவர், பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார். ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் ரத்தாயிற்று.

இரண்டு கதவும் அடைப்பு

நார்தாம்டனில் 1868-ல் நின்று தோற்றார். கிடைத்த ஓட்டு 1,086. 1874-ல் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்றார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓட்டு ஏறிக்கொண்டே வந்தது. 1880-ல் 3,827 ஓட்டு வாங்கி ஜெயித்துவிட்டார்.

கஷ்டம் அப்போதுதான் ஆரம்பித்தது. புது மெம்பர்கள் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். பிராட்லா, கடவுள் பெயரை விட்டு உறுதிமொழி மட்டும் கூற அனுமதி கேட்டார். கமிட்டி கூடியது. ஒரே ஓட்டு வித்தியாசத்தில், கூடாது என்றது. சரி, எல்லோரையும் போலச் சத்தியமே செய்கிறேன் என்று வந்தார். நாஸ்திகன் செய்யும் சத்தியம் செல்லாது, அதுவும் கூடாது என்றார்கள்.

எதிர்ப்பில் முன்னால் நின்றவர் ராண்டால்ப் சர்ச்சில். யுத்தகாலப் பிரதம மந்திரி வின்ஸ்டன் சர்ச்சிலின் தகப்பனார். ராஜ வம்சத்தைத் தாக்கி பிராட்லா எழுதியிருந்த புத்தகத்தைச் சபையிலேயே தரையில் வீசி மிதித்தார். எதிர்ப்பு முழுவதும் கடவுள் பக்தியால் வந்ததல்ல என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஜூன் 23-ந்தேதி, சபையை விட்டு வெளியேற மறுத்ததற்காக, பிராட்லாவைக் கடிகாரக் கோபுரத்தில் காவலில் வைத்தார்கள். பிக் பென் மணி அடிக்கும் அதே கோபுரம்தான்! மறுநாள் விடுதலை. பிறகு, வருவது வரட்டும் என்று உறுதிமொழி கூறிச் சபையில் உட்கார அனுமதித்தார்கள். உடனே கோர்ட்டில் வழக்கு. உறுதிமொழி செல்லாது என்று 1881-ல் தீர்ப்பாயிற்று. பதவி போயிற்று.

கோட்டு கிழிந்தது

1881 ஏப்ரலில் உபதேர்தல். நார்தாம்டன் அவரையே தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் 132 ஓட்டு.

ஆகஸ்டு 3-ந்தேதி பிராட்லா தன் இடத்தில் உட்காரப் போனார். வெளியே அவருடைய ஆட்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். போலீசாரும் சேவகர்களும் அவரைப் பிடித்துப் படிகளில் இழுத்துக் கொண்டு வந்து வெளியே தள்ளினார்கள். கோட்டு கிழிந்தது. அவர் ஒரு சைகை காட்டியிருந்தால் போதும், கூட்டம் உள்ளே பாய்ந்திருக்கும். அவர் காட்டவில்லை. சட்டத்தால்தான் ஜெயிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

1882 பிப்ரவரியில் வேறு வழி பார்த்தார். நேராகச் சபையின் நடுவே போய், பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து, தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார்! மறுநாள் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். மார்ச்சில் மறுபடியும் உபதேர்தல். அதிலும் ஜெயித்தார்.

உறுதிமொழியை அனுமதிக்க 1883-ல் கிளாட்ஸ்டன் சர்க்கார் ஒரு மசோதா கொண்டுவந்தது. 3 ஓட்டில் தோற்றது. 1884-ல் இன்னொரு உபதேர்தல். இப்போது வித்தியாசம் 368.

நார்தாம்டன்காரர்கள் எல்லோரும் நாஸ்திகர்கள் அல்ல. பலர் மாதா கோவிலுக்குப் போனவர்களே. அவர்கள் பிராட்லாவின் கொள்கைக்காக மட்டும் ஓட்டுப் போடவில்லை. தங்கள் மெம்பரைத் தேர்ந்தெடுப்பது தாங்களா, பாராளுமன்றமா என்பதே அவர்கள் கேள்வி. ஓட்டு வித்தியாசம் ஏறியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

இத்தனைக்கும் இடையில் வழக்குகள் வேறு. பிராட்லாவே தன் கட்சியை வாதாடினார். கடைசியில் ஜெயித்தார். ஆனால் கடன்காரரானார்.

1885 பொதுத் தேர்தலில் ஐந்தாம் தடவையாக ஜெயித்தார். 1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் பீல், யார் ஆட்சேபித்தாலும் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டார். மற்ற மெம்பர்களைப் போல பிராட்லாவும் சத்தியம் செய்து உட்கார்ந்தார். இரண்டே நிமிஷ வேலை!

1888-ல் அவரே ஒரு சட்டம் கொண்டுவந்து நிறைவேற்றினார். கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி கூறலாம். இன்று நம் சட்டசபையிலும், மெம்பர்கள் கடவுள் பெயராலும் பதவி ஏற்கலாம், உளமார உறுதி கூறியும் ஏற்கலாம்.

பம்பாய்க்கு வந்தார்

பாராளுமன்றத்தில் அவர் இந்தியாவுக்காக ஓயாமல் பேசினார். இந்தியாவின் மெம்பர் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. 1889-ல் கடும் நோயிலிருந்து எழுந்தவர், அந்த டிசம்பரில் கப்பலேறிப் பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். சட்டசபைகளில் இந்தியருக்கு இடம் கேட்டு மசோதாவும் தயாரித்தார்.

உடம்பு மறுபடியும் கெட்டது. 1891 ஜனவரி 27-ந்தேதி, அவரைத் தடுத்து 1880-ல் போட்ட தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிடப் பாராளுமன்றம் முடிவு செய்தது. அதைத் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. 30-ந்தேதி இறந்தார். வயது 57.

லண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். லண்டனிலிருந்த இந்தியர்கள் திரண்டு போனார்கள். அவர்களில் ஒருவர், 21 வயதான சட்ட மாணவர் மோகன்தாஸ் காந்தி.

பிப்ரவரியில் நார்தாம்டனில் உபதேர்தல் நடந்தது. பிராட்லாவின் இடத்துக்கு ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தது மான்பீல்டு என்பவரை. அவர் ஒரு பூட்ஸ் தொழிற்சாலை முதலாளி.