காய்கறித் தோட்டம் போட வந்தவர்

மலாக்காவில் டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1662 முதல் 1665 வரை அந்த ஊரை நிர்வகித்த யான் வான் ரீபெக் யார் தெரியுமா?

1619-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். திருட்டுத்தனமாகச் சொந்த வியாபாரம் செய்தாரென்று கம்பெனி அவரை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜாவாவுக்கு வரப் பல மாதம் ஆகும். பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி, கப்பலாட்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்தார்கள். வழியில் ஒரு காய்கறித் தோட்டம் போடக் கம்பெனி இவரையே அனுப்பியது. 1652 ஏப்ரல் 6-ல் மனைவி மரியாவோடு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இறங்கி, மண்கோட்டை கட்டினார். அதுதான் கேப்டவுன் நகரின் தொடக்கம்.

நல்ல காரியந்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. அது கோய்கோய் மக்கள் மாடு மேய்த்த மண். 1657-ல் கம்பெனி ஆட்களுக்கு அதைப் பிரித்துக் கொடுத்தார். 1658-ல் ஆப்பிரிக்க அடிமைகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். மேய்ச்சல் நிலம் பறிபோனவர்கள் 1659-ல் சண்டைக்கு எழுந்தார்கள். சமாதானம் பேசும்போது, மண்ணுக்குச் சொந்தக்காரன் விலகுவதா, வந்தவன் விலகுவதா என்று கேட்டார்கள். சண்டையில் வென்ற நிலம், இனித் திரும்பாது என்றுவிட்டார் ரீபெக். எல்லையில் காட்டு வாதுமை வேலியும் நட்டார்.

மரியா 1664-ல் மலாக்காவிலேயே காலமானார். ரீபெக் 1677-ல் பத்தாவியாவில் மறைந்தார்.

பிள்ளைகளே, கோட்டை கட்டியவர் பெயர் சரித்திரத்தில் இருக்கும்; மண்ணைக் கொத்தினவன் பெயர் இருக்காது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியா தெரியணும்? படிக்கும்போது இருவரையும் தேடிப் படியுங்கள்.