கப்பித்தான் யாப் ஆ லோய்

கேமரன் மலையிலிருந்து சரக்கெடுக்கக் கோலாலம்பூர் செல்லும் நம் சகோதரர்கள், யாப் ஆ லோய் பெயரிலுள்ள தெருவைப் பார்த்திருப்பார்கள். அந்நகரம் போரில் எரிந்ததும், அதை மீட்க நமது பகாங்கிலிருந்தே ஆட்கள் சென்றதும் பலர் அறியாதவை. ஆதலால் அவர் வரலாற்றை இங்கு எழுதுகிறோம்.

1837ல் சீன தேசத்தின் குவாங்டோங் மாகாணத்தில் ஹக்கா வகுப்பில் பிறந்தவர். 1854ல் மலாக்காவில் வந்திறங்கினார். லூக்குட் ஈயச் சுரங்கத்தில் சமையல்காரராக இருந்து, சிறுகச் சிறுக முதல் சேர்த்து வியாபாரத்தில் இறங்கினார். 1862ல் கோலாலம்பூர் வந்தார். 1868ல் சீனர்களின் தலைவராகிய கப்பித்தான் ஆனார்.

அதற்குள் சிலாங்கூர் அரச குடும்பத்தில் கலகம் மூண்டிருந்தது. கிள்ளான் ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு வரி வாங்கும் உரிமைதான் அதன் வேர். ராஜா மஹ்தி ஒரு பக்கம்; சுல்தானின் மருமகனான கெடா தெங்கு கூடின் மறு பக்கம். இதை மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த சண்டையென்று பேசுவது சரியன்று. யாப் ஆ லோய் தெங்கு கூடினோடு நின்றார். எதிர்ப்பக்கத்திலோ அரபு வம்சத்து சையத் மஷ்ஹூரும், சீனரான சோங் சோங்கும், சுமத்திராவின் மண்டைலிங் மக்களும் சேர்ந்திருந்தனர். நேற்றுவரை ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களே இரு அணியாயினர்.

1872 ஆகஸ்டில் ஊர் வீழ்ந்தது. யாப் ஆ லோய் உயிர் தப்பிக் கிள்ளான் சேர்ந்தார். பகாங் பெண்டஹாரா வான் அகமது படை அனுப்பினார். 1873 மார்ச்சில் ஊர் மீண்டது. மீண்டதென்ன, கரிக்கட்டைதான் மிச்சம். வீடுகள் இல்லை, சுரங்கங்களில் தண்ணீர், கூலிகள் சிதறிவிட்டனர்.

அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. கடன்மேல் கடன் வாங்கி ஆட்களைத் திரும்பக் கூட்டி வந்தார். ஈய விலையோ சரிந்தது. கடன்காரர்கள் நெருக்க, முறிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார். 1879ல் விலை ஏறியபின்தான் மூச்சு விட்டார். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு அந்த ஆறு வருஷம் எப்படிப்பட்டதென்று விளக்க வேண்டியதில்லை.

சூதாட்டக் கிடங்கும் அபினியும் அவர் வருமானத்தில் கலந்திருந்தன. நம் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை; மறைத்தால் வரலாறாகாது.

1881ல் ஊர் மறுபடி தீப்பற்றியது. அதன்பின் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளை ஒன்றை அவரே நடத்தினார். 1885 ஏப்ரல் 15ல், தமது 48வது வயதில், கோலாலம்பூரிலேயே காலமானார்.