மொம்பாசாவின் கிறாப் பாதிரியார்

ஜெர்மனியில் 1810ஆம் ஆண்டிற் பிறந்த யோவான் லூட்விக் கிறாப், 1844இல் மனைவியுடன் கிழக்காபிரிக்கத் துறைமுகமாகிய மொம்பாசாவில் வந்திறங்கினார். போர்த்துக்கேயர் 1593இற் கட்டத் தொடங்கிய கோட்டையையுடைய அப்பட்டினம், அந்நாளில் சன்சிபார் சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. சில மாதங்களுள் காய்ச்சலால் மனைவி இறந்தார்; பிறந்து சில நாளேயான குழந்தையும் இறந்தது. இருவரையும் தீவுக்கெதிரேயுள்ள கரையில் அடக்கஞ் செய்தார்.

ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ சுவாகிலி மொழியைக் கற்க உட்கார்ந்தார். 1849இல் கெனியா மலையின் பனிமுடியைக் கண்டு அறிவித்தபோது, மத்தியகோட்டருகே பனியாவென ஐரோப்பியப் பண்டிதர் சிலர் நம்ப மறுத்தனர். மறு ஆண்டு சுவாகிலி இலக்கணம் வெளிவந்தது.

மதம் மாற்ற வந்தவர்தாம். அதிற் கண்ட பலன் சொற்பமே. நம் சமயத்தவர் அல்லராயினும், பிறர் மொழிக்காக அவர் பட்ட பாட்டை வணங்க நமக்குத் தடையில்லை. சுவாகிலி அகராதி அச்சேறியது 1882இல். அவர் 1881இலேயே கண்மூடிவிட்டார்.