காற்றின் திசை அறிந்த வேட்டைக்காரர்

மாணவர்களே, கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் பார்த்திருப்பீர்கள். அவற்றை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய தம்பி தியோடர் ஹப்பேக்கின் பெயர் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால், தாமான் நெகாரா தேசியப் பூங்கா நமக்குக் கிடைக்க முதன்மைக் காரணம் அவர்தான்.

1872-ஆம் ஆண்டில் பிறந்த தியோடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயா வந்தார். வேட்டையில் தீராத ஆர்வம் கொண்ட அவர், யானைகளையும் செலாடாங் எனப்படும் காட்டெருதுகளையும் தேடிக் காடுகளில் அலைந்தார். அந்த அனுபவங்களை 1905-இல் நூலாக வெளியிட்டார்.

செலாடாங் ஒரு டன் வரை எடை கொண்டது. காயம்பட்டால் திரும்பி வந்து தாக்கும். அதனிடம் நெருங்குவதற்கு, குறி பார்த்துச் சுடும் திறமை மட்டும் போதாது. மனித வாடையை அது வெகு தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடும். வியர்வை, புகையிலை, சோப்பு என எல்லா வாடையையும் காற்று சுமந்து செல்கிறது. குளித்தால் வாடை குறையுமே தவிர, முற்றிலும் போகாது. எனவே, காற்று விலங்கிடமிருந்து தம் முகத்தை நோக்கி வீசும்படி நடப்பதே வேட்டைக்காரர்களின் முதல் விதி. சிறிது தூசியையோ சாம்பலையோ தூவி, காற்றின் திசையை அறிவார்கள். அடர்ந்த காட்டில் காற்று திடீரெனத் திரும்பும். அப்போது பல மணி நேர உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். மூஸ் எனும் பெரிய மான்கள் வாழும் அலாஸ்காவிலும் இதே விதிதான். அங்கும் தியோடர் இருமுறை பயணம் செய்து, 1929-இல் ஒரு நூல் எழுதினார்.

விலங்குகளின் வழித்தடங்களை நன்கு அறிந்திருந்த அவர், அவை குறைந்து வருவதையும் கண்டார். ரப்பர்த் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைய சுபாங் ஜெயாவும் ஒரு காலத்தில் சீஃபீல்டு ரப்பர்த் தோட்டம்தான். பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுட வேண்டும் என்று தோட்ட உரிமையாளர்கள் கோரினர். தியோடரோ விலங்குகளின் பக்கம் நின்றார். 1925-இல் குனோங் தஹான் பகுதி வனவிலங்குக் காப்பகமானது. வனவிலங்கு ஆணையராக நாடு முழுவதும் விசாரணை நடத்தி, 1932-இல் மூன்று தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தார். அவருடைய நீண்ட முயற்சியின் பலனாக, பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள் நிலம் ஒதுக்க, 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவானது. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காடே சுதந்திரத்துக்குப் பின் தாமான் நெகாரா ஆனது.

ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய 1942-ஆம் ஆண்டில் தியோடர் மறைந்தார்.

காட்டைக் காப்பாற்றினாலும் எல்லா விலங்குகளையும் காப்பாற்ற முடியவில்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் 2019-இல் சபாவில் இறந்தது. செலாடாங்குகளும் இன்று மிகக் குறைவு. அடுத்த விடுமுறையில் தாமான் நெகாரா செல்ல வாய்ப்புக் கிடைத்தால், வாசனைத் திரவியம் பூசாமல், சத்தமிடாமல், காற்றுக்கு எதிராக நடந்து பாருங்கள். துப்பாக்கி இல்லாமலேயே விலங்குகளை அருகில் காணும் வாய்ப்பு கூடும்.