குலப்பழியைத் துடைத்த டாக்டர்

தகப்பனுக்கு க்ஷயம், சில ஆண்டுகளில் மகனுக்கும் அதே இருமல். உடனே ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே ஓடுகிற நோய்! பெரம்பலூரானாலும் சரி, பெர்லினானாலும் சரி, இந்த எண்ணத்தால் கலியாணம் தட்டிப்போன பெண்கள் எத்தனையோ பேர். அந்தப் பழியை அசைத்தவர் ராபர்ட் கோச்.

1843-இல் ஜெர்மனியில் கிளாஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். டாக்டர் பட்டம் பெற்று, வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசாங்க வைத்தியரானார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் மைக்ராஸ்கோப்பும் கையுமாக இருப்பார். 1876-இல், ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோய்க் கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ் பெற்றார்.

அக்காலத்தில் ஏழு சாவில் ஒன்று க்ஷயத்தால் என்று கணக்கு. அது தொற்றும் என்று 1865-லேயே பிரெஞ்சு டாக்டர் வில்லெமின் முயல்களைக் கொண்டு காட்டினார், நம்பியவர் குறைவு. கிருமியைக் கண்டவர்தான் இல்லையே! அது லேசில் சாயம் ஏற்காத கிருமி. கோச் சாயங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, மெல்லிய நீலக் கோல்களாக அதைக் கண்டார், தனியே வளர்த்தார், பிராணிகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கினார். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அவர் இதை விளக்கியபோது சபையில் மறுத்துப் பேச ஆளில்லை.

1884-இல் கல்கத்தாவில் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். சறுக்கலும் உண்டு: 1890-இல் டியூபர்குலின் க்ஷயத்தைத் தீர்க்கும் என்றார், தீர்க்கவில்லை. ஆனால் தொற்றை அறியும் தோல் சோதனைக்கு அது பயன்பட்டது. 1905-இல் நோபல் பரிசு பெற்றார், 1910-இல் காலமானார்.

அப்படியானால் பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1943-இல் அமெரிக்காவில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு க்ஷயம் கண்டால் மற்றவருக்கும் காண்பது, ஒரே அச்சான இரட்டையரிடம் மிகுதியாக இருந்தது. ஆகவே, நோயை எதிர்க்கும் வன்மையில் பிறவிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கிருமி புகாமல் நோய் வராது. புகுந்தவர்களிலும் பெரும்பாலோர் நோயாளி ஆவதில்லை. பட்டினி, நெரிசல், புகையிலை, நீரிழிவு ஆகியவை நோய்க்கு வழிவிடுகின்றன.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் தெம்பளித்தது. மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நோயாளிகளால், சானடோரியம் சென்றவர்களின் வீடுகளைவிட அதிகமாக நோய் பரவவில்லை.

க்ஷயம் கண்ட வீட்டில் குலத்தை ஆராய்வதைவிடச் சளியைச் சோதிப்பதே மேல்!