மூக்கு காட்டிய உலகம்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கும் காதுக்கும் நாம் தரும் மதிப்பை மூக்குக்குத் தருவதில்லை. சளி பிடித்தால்தான் அதன் நினைவே வருகிறது. அதன் அருமையை உலகுக்கு உணர்த்தியவர், பார்வையும் செவியும் இழந்த ஒரு பெண்மணி. அவரே ஹெலன் கெல்லர்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 27-6-1880 அன்று பிறந்தார் ஹெலன். பத்தொன்பதாம் மாதத்தில் கண்ட கடும் நோய் அவரது பார்வையையும் செவிப்புலனையும் பறித்தது. 1887இல் வந்த ஆசிரியை ஆன் சல்லிவன், குழந்தையின் ஒரு கையில் குழாய்நீரை விழச் செய்து, மறு கையில் தண்ணீர் என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். அன்று திறந்த அறிவுக்கதவு பின்னர் மூடவேயில்லை. 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் அற்றோரில் முதல் பட்டதாரி அவரே!

தொடு உணர்வோடு முகர்வும் அவருக்குத் துணை நின்றது. புயல்மழை வருவதைச் சில மணி நேரம் முன்னரே மணத்தால் அறிந்தார். ஒருவர் தச்சரா, இரும்பு வேலை செய்பவரா என்பதையும் அவர்மீது வீசும் வாசனையே சொல்லிற்று. ஒருமுறை சில நாள் முகரும் ஆற்றல் போனபோது, திடீரெனப் பார்வை இழப்போர் படும் துன்பம் புரிந்தது என 1908இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

2020இல் கொரோனா கண்ட பலர் இத்துன்பத்தை அறிந்தனர். உணவு சுவைக்கவில்லை, சமையல் எரிவாயுக் கசிவும் தெரியவில்லை. மணமற்ற அவ்வாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலப்பதே நம் மூக்கை நம்பித்தான். முகர்வு குன்றுவது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்கிறது மருத்துவம்.

1955இல் ஹெலன் இந்தியா வந்தார். தில்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. 1-6-1968 அன்று மறைந்தார். பெயரிலேயே பூவைக் கொண்ட நம் பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உள்ளது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைக்கும் என் தந்தையின் சட்டையில் இயந்திர எண்ணெய் மணக்கும். நண்பர்கள் முன் அதற்காக நான் கூசியதுண்டு. ஹெலனின் வாழ்வைப் படித்த பின் அந்தக் கூச்சம் அகன்றது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். என்னைப் படிக்க வைப்பது அந்த உழைப்பின் மணமே!